அந்த 24 நொடிகளை வெட்டிவிடாதீர்கள்

அன்புள்ள நீர்மூழ்கி ஆட்டக்காரர்களுக்கு,

சைலன்ட் ஹன்டர் வரிசை, யூபோட், வுல்ஃப்பேக் என்று எதில் கடலுக்குள் இறங்கினாலும் சரி, தமிழில் பேசிக்கொண்டு ஆடும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். முக்கியமாக இரண்டு தரப்பினர் இதைப் படிக்க வேண்டும். குறிவைக்கும் வேலையை ஆட்டத்தின் தானியங்கி வசதியிடம் விட்டுவிட்டு, சுடும் பொத்தானை மட்டும் அழுத்துகிறவர்கள் ஒரு தரப்பு. ஆடியதைக் காணொளியாக்கும்போது குறிவைக்கும் பகுதியை வெட்டியெறிந்து, வெடிப்பை மட்டும் காட்டுகிறவர்கள் இன்னொரு தரப்பு.

நான் கேட்பது ஒன்றுதான். இலக்குக் கப்பலின் வேகத்தை நீங்களே அளந்து பாருங்கள். தொலைவு, கோணம், டார்பிடோவின் ஆழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வேகத்தில் தொடங்குங்கள்.

ஏன் வேகம்? தானியங்கியை அணைத்தவுடன் பெரும்பாலோர் பயப்படுவது தொலைவைக் கண்டுதான். மாஸ்ட் உயரத்தை வைத்துத் தொலைவு பார்ப்பதிலேயே நேரமெல்லாம் போய்விடுகிறது. வேகத்துக்கு 'சரக்குக் கப்பல்தானே, எட்டு நாட் இருக்கும்' என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் நழுவிப் போகிறது. உடனே தொலைவுதான் தப்பு என்று முடிவு கட்டி, அடுத்த முறை அதையே இன்னும் நேரமெடுத்துப் பார்க்கிறார்கள். கைமுறையை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேராவது இந்தச் சுழலில் மாட்டியவர்கள் என்பது என் கணிப்பு.

உள்ளே நடக்கும் கணக்கைப் பாருங்கள். கப்பல் எங்கே தெரிகிறதோ அங்கே சுட்டால் படாது. அது போய்ச் சேரப்போகும் இடத்தில் சுட வேண்டும். எவ்வளவு கோணம் முன்தள்ளிச் சுடுவது என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: கப்பலின் வேகம், டார்பிடோவின் வேகம், கப்பலின் மூக்குக்கும் நம் பார்வைக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம். இந்த மூன்றாவதைத்தான் ஏஓபி என்கிறோம். கப்பலின் வேகத்தை டார்பிடோவின் வேகத்தால் வகுத்து, ஏஓபியின் சைன் மதிப்பால் பெருக்கினால், முன்தள்ள வேண்டிய கோணத்தின் சைன் கிடைத்துவிடும். தொலைவு இந்தச் சூத்திரத்துக்குள் வரவே இல்லை. டார்பிடோ போக வேண்டிய திசையிலேயே படகின் மூக்கைத் திருப்பி வைத்திருந்தால், தொலைவை ஐந்நூறு மீட்டர் தப்பாகப் போட்டாலும் டார்பிடோ போகும் பாதை மாறாது.

எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். கப்பல் 10 நாட், ஜெர்மானியரின் மின்சார டார்பிடோ 30 நாட், ஏஓபி 90 டிகிரி. முன்தள்ள வேண்டிய கோணம் 19.5 டிகிரி. இப்போது ஏஓபியைத் தப்பாக 80 என்று போடுங்கள். பத்து டிகிரி பிசகு. விடையில் வரும் மாற்றமோ 0.3 டிகிரிதான். ஏஓபியைச் சரியாக வைத்துக்கொண்டு வேகத்தில் ஒரே ஒரு நாட் கூட்டிப் பாருங்கள். கோணம் இரண்டு டிகிரி நகர்ந்துவிடும்.

ஆயிரம் மீட்டரில் இதன் விளைவு என்ன? டார்பிடோ போய்ச் சேர ஏறத்தாழ 69 நொடி ஆகும். வேகத்தை ஒரு நாட் குறைத்துப் போட்டிருந்தால், அதற்குள் கப்பல் நாம் நினைத்ததைவிட 35 மீட்டர் முன்னே போயிருக்கும். லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பலின் நீளம் ஏறக்குறைய 135 மீட்டர். நடுவைக் குறிவைத்திருந்தால் பின்பாதியில் எங்கோ பட்டுவிடும், தப்பித்தோம். அதே பிசகு 2000 மீட்டரில் 71 மீட்டராகிறது. கப்பலின் பாதி நீளமே 67 மீட்டர்தான். டார்பிடோ பின்கோடியை உரசுவதுபோல் தாண்டிப் போய்விடும். 44 நாட்டில் ஓடும் நீராவி டார்பிடோவை எடுத்தால் ஆயிரம் மீட்டரில் பிசகு 23 மீட்டராகக் குறையும். ஆனால் அது குமிழிகளைக் கோடாக விட்டுக்கொண்டே போகும். பகலில் கப்பலின் கண்காணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டால் சுக்கான் திரும்பிவிடும், நம் கணக்கு அத்தனையும் வீண்.

இனி அளக்கும் முறை. பல முறைகள் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது, புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது, பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டைக் கொண்டு அளப்பது. பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட கணக்கு இது: இத்தனை மீட்டர் நீள ரயில் ஒரு மின்கம்பத்தை இத்தனை நொடியில் கடந்தால் ரயிலின் வேகம் என்ன? கம்பத்துக்குப் பதில் கோடு, ரயிலுக்குப் பதில் கப்பல்.

கப்பல் எந்த வகை என்று அடையாளப் புத்தகத்தில் பார்த்து நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிஸ்கோப்பைக் கப்பலுக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பி நிறுத்துங்கள். கப்பலைப் பூட்டிப் பின்தொடரும் வசதி இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பெரிஸ்கோப் அசையக் கூடாது. கால வேகத்தைக் கூட்டியிருந்தால் இயல்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கப்பலின் மூக்கு கோட்டைத் தொடும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முன்தளம் கடக்கும். சரக்குத் தூக்கும் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டும். மேல்கட்டு வரும், புகைபோக்கி வரும், பின்தளம் போகும். பின்கோடி கோட்டை விட்டு விலகும் கணத்தில் நிறுத்துங்கள். 24 நொடி என்று வைத்துக்கொள்வோம். 135-ஐ 24-ஆல் வகுத்தால் 5.6. நொடிக்கு இத்தனை மீட்டர். அதை 1.94-ஆல் பெருக்கினால் நாட். மனக்கணக்காகப் போட, இரட்டிப்பாக்கி நூற்றுக்கு மூன்று கழித்தால் போதும். விடை 10.9. லிபர்ட்டி கப்பலின் பெயர்பெற்ற 11 நாட் இதோ கைக்கு வந்துவிட்டது.

இந்த முறையின் அழகு வேறு எதிலும் கிடையாது. தொலைவு தெரிய வேண்டியதில்லை. ஏஓபி தெரிய வேண்டியதில்லை. கப்பல் சாய்வாகப் போனாலும் நேர்குறுக்காகப் போனாலும் அதன் மூக்கு கோட்டைக் கடந்த அதே புள்ளியைத்தான் பின்கோடியும் கடக்கிறது. இடையில் அது நகர்ந்தது சரியாகத் தன் நீளம் அளவு. ரொம்பச் சாய்வாக, நம்மை நோக்கியோ விலகியோ போகும் கப்பலில் மூக்கும் பின்கோடியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கண்ணைக் குழப்பும். மற்றபடி எந்தத் தடையும் இல்லை.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இதைச் சொல்லித்தராமல் விடுவதால்தான் பலர் முதல் முயற்சியிலேயே சோர்ந்துபோகிறார்கள். நம் படகு நகர்ந்தால் அந்தக் கோடும் நகரும். பெரிஸ்கோப்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, நாம் 2 நாட்டில் ஊர்ந்துகொண்டிருக்க, கப்பலும் நம்மோடு ஒரே திசையில் போகிறது என்றால், 10 நாட் கப்பல் 8 நாட்டாகத் தெரியும். இதற்கு வழி எளிது. பெரிஸ்கோப்பை நேர்முன்னே, பூஜ்ஜிய டிகிரியில் வையுங்கள். படகு தன் திசையிலேயே போகும்போது அந்தப் பார்வைக் கோடு தன்மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது, இடம் மாறுவதில்லை. படகைத் திருப்பாமல் இருந்தால் போதும், எத்தனை நாட்டில் ஊர்ந்தாலும் அளவு கெடாது. நேர்பின்னே பார்த்தாலும் அப்படியே. கப்பலின் பாதைக்குக் குறுக்கே மூக்கை வைத்துக் காத்திருப்பதுதான் நல்ல பதுங்குமிடம் என்பதால், கான்வாய் நம் முன்னே கடக்கும்போது முதல் கப்பலை அளந்து, பின்னால் வரும் கப்பலைச் சுடலாம். கான்வாயில் எல்லாக் கப்பல்களும் ஒரே வேகத்தில்தான் போக வேண்டும். ஒன்றை அளந்தால் மொத்த அணியையும் அளந்தது போலத்தான்.

வுல்ஃப்பேக்கில் நண்பர்கள் ஒரே படகில் ஆளுக்கொரு பணியாக ஏறும்போது இது இன்னும் சுவை. பெரிஸ்கோப்பில் இருப்பவர் "தொட்டாச்சு" என்கிறார், கடிகாரம் வைத்திருப்பவர் அழுத்துகிறார், யாரும் பேசுவதில்லை. "போச்சு" என்றதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வகுத்துப் பார்த்து எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் மூவருக்கும் ஒன்றாக வரும்போது கிடைக்கும் நிறைவைத் தானியங்கி உங்களுக்குத் தர முடியாது.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். 24 நொடியில் ஒரு நொடி பிசகினால் அரை நாட் போகும், தாங்கிக்கொள்ளலாம். 7 நாட்டில் தவழும் கப்பலில் அந்தப் பிசகு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 110 மீட்டர் நாசகாரி ஒன்று 20 நாட்டில் வந்தால் 11 நொடிக்குள் கோட்டைத் தாண்டிவிடும். அங்கே ஒரு நொடி என்பது 2 நாட். வேகமான கப்பலுக்கு இந்த ஒரு முறையை நம்பி டார்பிடோவைச் செலவழிக்காதீர்கள்.

இது திரையில் மட்டும் நடக்கும் சங்கடமல்ல. 1943 ஜனவரி 24 அன்று நியூ கினியின் வேவாக் அருகே, அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ, ஹருசமே என்ற ஜப்பானிய நாசகாரியைத் தாக்கியது. தளபதி டட்லி மார்ட்டன். பெரிஸ்கோப்பில் நின்றவர் அவருடைய துணை அதிகாரி ரிச்சர்ட் ஓ'கேன். நாசகாரி நங்கூரத்திலிருந்து கிளம்பிவிட்டது, தொடர்ந்து பார்த்து வேகத்தை அளக்க அவகாசம் இல்லை. 15 நாட் என்று வைத்துக்கொண்டு மூன்று டார்பிடோக்களைச் சுட்டார்கள். மூன்றும் பின்னால் போயின. உண்மையான வேகம் 20-ஐ ஒட்டி இருந்தது. வேகத்தைத் திருத்தி நான்காவதைச் சுட, நாசகாரி விலகிக்கொண்டு, வட்டமடித்து நேராக வாஹூவை நோக்கியே பாய்ந்து வந்தது. கடைசியில், எதிரே மூக்கைக் காட்டி வரும் கப்பலின் முகத்துக்கே சுட்டுத்தான் தப்பித்தார்கள். முகத்துக்கு நேரே சுடும்போது ஏஓபி பூஜ்ஜியம், அதன் சைனும் பூஜ்ஜியம், ஆகவே வேகம் எதுவானாலும் கணக்கு மாறாது என்பதைக் கவனியுங்கள். வேகத்தைத் தவறவிட்டவர்களைக் காப்பாற்றியது, வேகமே தேவைப்படாத ஒரு கோணம். சேதமடைந்த ஹருசமே கரையேற்றப்பட்டுப் பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. வாஹூ அதே ஆண்டு அக்டோபரில் தன் ஆட்கள் எல்லோரோடும் மூழ்கியது.

வேகமான கப்பலுக்கு என்ன செய்வது? வரைபடத்துக்குப் போங்கள். கப்பலின் இருப்பிடத்தை ஒருமுறை குறியுங்கள். 3 நிமிடம் 15 நொடி கழித்து மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை நூறு மீட்டரோ அத்தனை நாட். 800 மீட்டர் என்றால் 8 நாட், 1450 என்றால் 14.5. மந்திரமில்லை. ஒரு கடல்மைல் 1852 மீட்டர், ஒரு நாட்டில் ஓடும் கப்பல் 195 நொடியில் நகர்வது நூறு மீட்டர். சைலன்ட் ஹன்டர் 4-இல் அமெரிக்கப் படகில் கஜக் கணக்கில் ஆடுகிறவர்களுக்கு அது 3 நிமிடம். இந்த முறையில் தொலைவு தேவைப்படுகிறது, தொலைவுப் பிசகு வேகத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. 5000 மீட்டரில் 30 மீட்டர் மாஸ்ட் ஒரு டிகிரியின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் தெரியும். அலையில் ஆடும் பெரிஸ்கோப்பில் அதை அளப்பது லேசான வேலையல்ல. எனவே இரண்டு குறிகளோடு நிறுத்தாதீர்கள். ஐந்தாறு குறிகள் வைத்து நடுவே ஒரு கோடு போடுங்கள். கப்பலின் திசையும் சேர்ந்தே கிடைத்துவிடும், ஏஓபிக்குத் தனியாக அலைய வேண்டாம்.

ஜெர்மானியப் படகோட்டிகள் கடைப்பிடித்த இன்னொரு முறைக்குப் பொறுமைதான் மூலதனம். கப்பலின் மாஸ்ட் நுனி மட்டும் தொடுவானில் தெரியும் தொலைவில், நீர்மேல் மிதந்தபடி, அதற்கு இணையாக ஓட வேண்டும். அது முன்னே நழுவினால் நம் வேகத்தைக் கூட்டுவது, பின்தங்கினால் குறைப்பது. அதன் திசைக்கோணமும் மாறாமல், தொலைவும் மாறாமல் நின்றுவிட்டால் நம் வேகமே அதன் வேகம், நம் திசையே அதன் திசை. கோணம் மட்டும் மாறாமல் தொலைவு குறைந்துகொண்டே வந்தால் எச்சரிக்கை, நீங்கள் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். நீர்மேல் 17 நாட்டுக்கு மேல் ஓடக்கூடிய ஏழாம் வகை யூபோட்டுக்கு இது முடிந்தது. நீருக்கடியில் அதன் உச்சம் 7 நாட்டைச் சற்றே தாண்டும் என்பதால் மூழ்கிவிட்டால் முடியாது. கால வேகத்தைக் கூட்டினால் இந்தத் துரத்தலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒருமுறையாவது கூட்டாமல் ஓடிப் பாருங்கள்.

அமெரிக்கப் படகு ஆடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ஜெர்மானியக் கணிப்பானைப் போல் கோணத்தைக் கணக்கிட்டுத் தருவதோடு அமெரிக்க டார்பிடோ கணிப்பானான டிடிசி நிற்பதில்லை. நாம் கொடுத்த வேகத்தில் கப்பல் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று தானே நகர்த்திக்கொண்டு போகும். ஒரு நிமிடம் பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். டிடிசி சொல்லும் திசையைவிட நிஜக் கப்பல் முன்னே போயிருந்தால் உங்கள் வேகம் குறைவு, பின்தங்கியிருந்தால் அதிகம். சுடுவதற்கு முன்பே தப்பைக் காட்டிக்கொடுக்கும் கருவி அது. தானியங்கியில் ஆடுகிறவர்கள் அந்த முள் நகர்வதை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்ணால் பார்த்தே வேகம் சொல்லலாம், முன்னலை பெரிதாக இருந்தால் வேகம் அதிகம் என்று சிலர் சொல்வீர்கள். நிஜ மாலுமிகளும் அப்படிப் பார்த்தார்கள்தான். பார்த்ததால்தான் அவர்களை ஏமாற்றவும் முடிந்தது. முதல் உலகப்போரில், 1917-இல், பிரிட்டிஷ் ஓவியர் நார்மன் வில்கின்சன் கப்பல்களுக்குக் கோணல்மாணலான பட்டைகள் பூசும் யோசனையைக் கொண்டுவந்தார். கப்பலை மறைப்பது அவர் நோக்கமல்ல, பெரிஸ்கோப்பில் பார்ப்பவர் அதன் திசையையும் வேகத்தையும் தப்பாகக் கணிக்க வேண்டும் என்பதே. மூக்கருகே பொய்யான முன்னலை தீட்டிய கப்பல்களும் உண்டு. கோட்டையும் கடிகாரத்தையும் அந்தச் சாயத்தால் அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடியாது.

பயிற்சிக்கு: காற்றில்லாத பகல், துணைக்கப்பல் இல்லாத ஒற்றைச் சரக்குக் கப்பல். வெடிக்காத டார்பிடோ என்ற அமைப்பை இப்போதைக்கு அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் கணக்கு சரியா டார்பிடோ பழுதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று சுடுங்கள். விசிறிபோல் நான்கு சுட்டால் ஏதோ ஒன்று பட்டுவிடும், எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. பின்னால் போனதா, வேகத்தைக் கூட்டுங்கள். முன்னால் போனதா, குறையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தானியங்கியில் கப்பல் என்பது ஒரு முக்கோணக் குறி, பச்சையானதும் சுட வேண்டியது. கையால் அளக்கும்போது அதை மூக்கிலிருந்து பின்கோடிவரை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் நீராவிக் கொதிகலன்களில் கரி தள்ளியவர்களில் இந்திய மாலுமிகள் ஏராளம். இரண்டாம் உலகப்போரில் இறந்த அவர்களின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் பதிவேடுகளில் இருக்கின்றன. சுட்ட தரப்பிலும், யூபோட்டில் கடலுக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் திரும்பவில்லை. ஆட்டத்தை ஆட்டமாகத்தான் ஆடுகிறோம். ஆனால் இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அடையாளப் புத்தகத்தையும் ஸ்டாப்வாட்சையும் உள்ளே வைத்தது, அன்று பெரிஸ்கோப்பில் நின்றவர்கள் எப்படிப் பார்த்தார்களோ அப்படி நாமும் பார்க்கத்தான் என்று நம்புகிறேன்.

காணொளி செய்யும் நண்பர்களே, உங்களிடம் குறிப்பாக. கப்பல் கோட்டைக் கடக்கும் அந்த 24 நொடியை வெட்டாமல் முழுதாக விடுங்கள். நீளத்தை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், விடையை உடனே சொல்லாதீர்கள். பார்க்கிறவர்கள் தங்கள் கைப்பேசியில் நேரம் பிடித்து, கணக்குப் போட்டு, உங்களுக்கு முன்னால் வேகத்தைச் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் சக ஆட்டக்காரன்